பேர் கேட்கும் பள்ளிக்கூடம்

என் வீட்டுக்காரர் பத்திரிகைப் பள்ளி நடத்தியவர் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், புதிதாகக் கேட்கிறவர்கள் "அட, அந்தக் காலத்திலேயா!" என்று கண்ணை விரிக்கிறார்கள். ஏதோ பெருமையான சங்கதி என்று நினைப்பு. எனக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே உடம்பு கூசும். அது நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. அதை மூடிய பிறகும் நிமிர முடியவில்லை. முதல் கூச்சம் வேறு, இரண்டாவது கூச்சம் வேறு. இரண்டாவதுதான் இன்னும் என்னை விடவில்லை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இவர் உதவி ஆசிரியராக இருந்த தமிழ்ப் பத்திரிகை ஒரு நாள் காலையில் கதவைச் சாத்திவிட்டது. மனுஷருக்கு வேறு வேலை தெரியாது. பருப்பு மடித்துவந்த காகிதத்தைப் பிரித்தால்கூட உட்கார்ந்து பிழை திருத்துவார். கல்யாணப் பத்திரிகையைத் தாம்பூலத்தோடு நீட்டுகிறவர்களிடம், "இந்த இடத்துல ஒற்று மிகாதுங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் உட்காரச் சொல்வார். அப்படிப்பட்டவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் வீடு தாங்குமா? நான் போடுகிற கோலத்திலேயே குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பத்திரிகைப் பயிற்சிப் பள்ளி" என்று எழுதியிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் அவர் பேர், பக்கத்தில் "தலைமையாசிரியர்".

"ஒரே ஒரு வாத்தியார்தானே இருக்கீங்க. அதுக்கு எதுக்குத் தலைமை?" என்றேன்.

"தலை இன்னிக்கு வந்திருக்கு. வாலு மெதுவா வரும், உனக்கென்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு ஆணி அடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏங்கக்கா, உங்க வீட்டுல பேப்பர் கடை போட்டிருக்காங்களாமே, பழைய பேப்பர் எடுப்பாங்களா?" சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. குடத்தைப் பாதி நிரப்பியதோடு வந்துவிட்டேன்.

வால் வரத்தான் செய்தது. ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருவர், மெதடிஸ்ட் பள்ளி வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர் ஒருவர், கிள்ளானில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர். நாலு பேரும் வேலை முடிந்து வந்து எங்கள் முன்னறையில் பாய் போட்டு உட்காருவார்கள். தலைப்பு எப்படிப் போடுவது, முதல் வரியில் என்ன சொல்வது, அச்சுப் பிழை எங்கே ஒளிந்திருக்கும், இவைதான் பாடம். நான் உள்ளே கோப்பி கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வகுப்பு தொடங்கும்போது பேர் கூப்பிடுவார். எதிரே முழங்கை இடிக்கிற தூரத்தில் நாலே பேர். கூப்பிடுவதோ மைதானத்தில் நானூறு பேர் நிற்கிற மாதிரி. ஒவ்வொருவரும் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நாலு பேரும் சொன்ன பிறகு, கடைசியாகத் தன் பேரையே கூப்பிட்டு, தானே "உள்ளேன்" என்று பதிலும் சொல்லிக்கொள்வார். வாத்தியாரும் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம்! அடுப்படியில் எனக்கு உயிர் போகும். தெருப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினால் முன்னால் ஒன்று அவர் பேரைக் கத்தும். பின்னால் பத்து, "உள்ளேன்!" என்று கத்தும். பெரியவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஒரு தடவை கோபம் தாங்காமல் துடைப்பத்தோடு துரத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "முதல் வரியிலேயே பேர் வரணும். யாரு, எவருன்னு பேர் இல்லாட்டி அது செய்தி இல்ல, வெறும் வதந்தி" என்பார். தினமும் சொல்வார். இத்தனை பேசுகிற மனுஷர் என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா", "ஏய்", "கேக்குதா?" இவைதான் எனக்கு அவர் வைத்த பேர்கள்.

ஒரு நாள் அப்படித்தான் "இந்தா, இப்படி வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். நாலு ஆண்களுக்கு முன்னால் நான் எதற்கு உட்கார வேண்டும் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ இப்போ ரயில்ல அடிபட்டவரோட சம்சாரம். இவங்க கேள்வி கேப்பாங்க, நீ பதில் சொல்லணும்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்க?" என்று கேட்டார்.

புருஷன் பேரை வாய்விட்டுச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தவள் என் ஆத்தா. அதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தாள். "வாசல்ல பலகை தொங்குதுல்ல, அதுல போய்ப் பாத்துக்குங்க" என்றேன். கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. புதையல் கண்டெடுத்தவர் மாதிரி எழுந்து நின்றுவிட்டார். "பாத்தீங்களா! நம்ம ஜனங்கள்ல செய்தி கேக்கப் போறவனுக்கு முதல் முட்டுக்கட்டை இதுதான். வெள்ளைக்காரன் புஸ்தகத்துல இதுக்கு வழியே கிடையாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பொம்பளைங்க எப்படித்தான் சொல்லுவீங்க? மருத்துவச்சி கேட்டா என்ன சொல்லுவே?" என்று கேட்டார்.

சொன்னேன். சாமியை வைத்துச் சொல்வோம், கோயிலை வைத்துச் சொல்வோம். மாடு மேய்ச்சவரு என்பாள் ஒருத்தி, யானை முகத்துக்காரர் என்பாள் இன்னொருத்தி. கேட்கிறவள் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வர, சரியான பேர் வந்ததும் இவள் தலையை ஆட்டுவாள். நாலு பேருக்கும் அது பிடித்துப்போயிற்று. நான் குறிப்புச் சொல்ல, அவர்கள் பேர் சொல்ல, கோப்பி ஆறிப்போகிற வரைக்கும் விளையாடினோம். கிள்ளான்காரர்தான் கெட்டிக்காரர், நான் வாயை மூடுவதற்குள் பேரைச் சொல்லிவிடுவார். அந்தப் பள்ளியில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கொஞ்ச நாளில் ஒரு வாரப் பத்திரிகை, நல்ல செய்தியாக இருந்தால் மாணவர்கள் எழுதுவதைப் போடுவதாக ஒப்புக்கொண்டது. அதே வாரம் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற கயிறு அறுந்து ஒரு கூலியாள் செத்துப்போனார். கிள்ளான்காரர் கடையில் சொல்லிவிட்டு ஓடினார். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் சுவரோரம் அந்த ஆளின் பெண்சாதி உட்கார்ந்திருந்தாள். பேர் கேட்டிருக்கிறார். "மலைமேல நிக்கிறவரு பேரு" என்றாளாம் அவள்.

நம் ஊரில் மலை என்றால் பத்துமலை, நிற்கிறவர் முருகன். முருகன் பேர்களில் ஜனங்கள் அதிகம் வைக்கிற பேர் ஒன்றைச் சொல்லிக் கேட்டார். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்று ஆட்டிய தலையா, அழுகையில் ஆடிய தலையா, யாருக்குத் தெரியும்? இருந்தாலும் பாடம் படித்தவர் அல்லவா, கப்பலடிக்குப் போய் "இந்தப் பேர்ல ஒருத்தர் உங்க கூட்டத்துல உண்டா?" என்று இன்னொரு தடவை விசாரித்தார். "உண்டே" என்றார்கள். எழுதிவிட்டார்.

செய்தி அச்சில் வந்தது. முதல் வரியிலேயே பேர். என் வீட்டுக்காரர் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். நாலு பேரும் வந்து கைகொடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு முதல் வெற்றி என்று நான் கேசரி கிண்டினேன். ஒருவன் செத்த செய்திக்கு முந்திரி போட்டுக் கேசரி கிண்டியவள் நான். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பேருள்ள ஆள் சாகவில்லை. அவர் பாட்டுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் பெண்சாதியும் குடியிருந்தது எங்கள் தெருவுக்குப் பின்னால் ரயில்வே லயத்தில். சனிக்கிழமை ரயிலேறி வந்து, ஞாயிறு இருந்துவிட்டுப் போவார். முடிதிருத்தும் கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படிக்க, இன்னொருவர் ஓடிப்போய் லயத்தில் சொல்லிவிட்டார். கிழவி மாரில் அடித்துக்கொண்டு, மருமகள் கழுத்தில் கிடந்த தாலியை இழுத்து அறுத்தாள். வளையலை உடைத்தாள், பொட்டை அழித்தாள். மறுநாள் மகன் ரயிலை விட்டு இறங்கிப் பலகாரப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறார்!

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வாசலில் பெருங்கூட்டம். கிழவி முன்னால் நின்றாள். "எங்கய்யா அந்தப் பேப்பர் வாத்தியாரு? எம் மவனைப் பேப்பர்லயே கொன்னவரு எங்க?" என்று கத்தினாள். பக்கத்தில் அந்தப் பெண், வெறும் கழுத்தோடு, கையில் மஞ்சள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது வயசுகூட இருக்காது.

"புருஷன் உசுரோட இருக்கையில இவ கழுத்துலேருந்து எறங்கிடுச்சு. மறுபடி ஏறினா எம் புள்ளைக்கு ஆகாது. இவ என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. உங்க பள்ளிக்கூடம் அறுத்த தாலி, நீங்களே வச்சிச் சோறு போடுங்க" என்று சொல்லி, அந்தப் பெண்ணை எங்கள் வாசலில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் எங்கள் முன்னறையில், நாலு பேர் உட்காரும் பாயில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் அந்தச் செய்தி ஒட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் போய்க் கிழித்து அடுப்பில் போட்டேன். "நான் அறுக்கலக்கா. அவங்கதான் இழுத்தாங்க" என்றாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய புருஷன் வேலைக்கும் போகாமல் லயத்திலேயே கிடந்தார். ஒரு தடவை எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றார். அம்மாவின் குரல் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யாரைத் திட்டுவது? வாசலில் தொங்கியது எங்கள் பலகைதானே.

என் வீட்டுக்காரர் திருத்தம் எழுதினார். அடுத்த இதழில் வந்தது: இன்னார் இறக்கவில்லை, நலமாக இருக்கிறார், குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோருகிறோம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் லயத்துக்குப் போனோம். பிள்ளைகள் "உள்ளேன், உள்ளேன்" என்று பின்னாலேயே வந்தார்கள். அன்றைக்குத் துரத்தவில்லை.

கிழவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். இவர் திருத்தத்தைப் படித்துக் காட்டினார். லயமே கூடிவிட்டது.

"பேப்பரு கெடக்கட்டும். கழுத்த விட்டு எறங்கினது எறங்கினதுதான். எம் மவன் ஆயுசு கொறஞ்சா நீ குடுப்பியா?" என்றாள் கிழவி. கதவுக்குப் பதில் தொங்கிய சாக்குப் படுதாவுக்குப் பின்னால் மகன் இருப்பது தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"ஆயுசு கொறையுமா? புருஷன் பேரைச் சொன்னாலும் ஆயுசு கொறையும்னுதான் எங்க ஆத்தா சொன்னா. உங்க ஆத்தாவும் அதைத்தானே சொல்லியிருப்பா? சரி, நான் சொல்றேன். உன் மவனுக்குக் கொறைஞ்சா என் புருஷனுக்கும் கொறையட்டும். ரெண்டு வீட்டுக்கும் சமமா இருக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வாயில் வராத அந்தப் பேரை, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று இருந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, வகுப்பில் சொல்கிற அதே குரலில், "உள்ளேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பழக்க தோஷமா, வேண்டுமென்று சொன்னாரா, அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. யாரோ அதன் தலையில் தட்டினார்கள்.

அந்தப் பெண் என் கையை விட்டாள். ஒரு அடி முன்னால் போய், படுதாவைப் பார்த்து, மெல்லத் தன் புருஷன் பேரைச் சொன்னாள். பேப்பரில் செத்துப்போன பேர். படுதா அசையவில்லை. கிழவி, "அடிப்பாவி" என்று முனகினாள். மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் உரக்க.

"உள்ளேன்" என்று குரல் வந்தது. படுதா விலகியது. கண் கலங்கிப்போய் அந்த மனுஷன் வெளியே வந்து, அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். கிழவி அப்படியே வாசலோரத்தில் உட்கார்ந்து, வழியை விட்டாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். ஊருக்கு முன்னால் புருஷன் பேரை ஏலம் போட்டவள் என்று இனி யார் என்ன சொல்வார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"செத்தவரு பேரு என்ன?" என்று கேட்டார்.

நின்றுவிட்டேன்.

இத்தனை நாள் இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் வரவில்லை. சாகாதவர் சாகவில்லை என்று திருத்தம் போட்டோமே தவிர, செத்தவர் யார் என்று யாருமே கேட்கவில்லை. பேரே உயிர் என்று தினமும் பாடம் நடத்தியவருக்கும் தோன்றவில்லை, குறிப்புச் சொல்லிக்கொடுத்த எனக்கும் தோன்றவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளையை அத்தனை பேரும் மறந்தே போய்விட்டோம்.

மறுநாளே கிள்ளானுக்குப் போனார். கிள்ளான்காரரும் கூடப் போனார். லயத்து அறை காலியாக இருந்தது. துறைமுகக் காண்ட்ராக்டரின் ஆட்கள் அவளை அவசரமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செத்தவர் ஏதோ ஒரு தோட்டத்தில் ஆட்குறைப்பில் விரட்டப்பட்டு வந்து சேர்ந்தவர். கூட வேலை செய்தவர்கள் "புது ஆளு" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். காண்ட்ராக்டரின் கணக்குப்பிள்ளை, "எனக்கென்ன தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து அறைக் கிழவி ஒருத்தி மட்டும், அவர்கள் திருப்பதிப் பக்கத்து ஜனங்கள், தெலுங்கு கலந்து பேசுவார்கள் என்று சொன்னாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் சொன்ன மலை பத்துமலை இல்லை, ஏழுமலை. அந்த மலைமேல் நிற்கிற பெருமாளுக்கும் ஆயிரம் பேர். அதில் எது என்று யாரிடம் போய்க் கேட்பது?

கிள்ளான்காரர் ரயிலில் வரும் வழியெல்லாம் அழுதாராம். இவர் வந்ததும் பலகையைக் கழற்றி, எழுத்து உள்ளே போகிற மாதிரி சுவரில் சாய்த்துவைத்தார். நாலு பேரையும் கடைசியாக ஒரு தடவை வரச் சொன்னார். அந்தப் பள்ளியின் சரித்திரம் அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை இருக்கிறது.

அன்றைக்குப் பாடம் இல்லை. பேர் மட்டும் கூப்பிட்டார். நாலு பேரும் "உள்ளேன் ஐயா" என்றார்கள். தன் பேரைக் கூப்பிட்டு, "உள்ளேன்" என்றார். அதோடு உட்கார வேண்டியவர் உட்காரவில்லை. இன்னும் ஒருவரைக் கூப்பிட வேண்டியவர் மாதிரி வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. பாயில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கோப்பித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றேன்.